ஊசிக்கும் விமானத்துக்கும் நடுவே நான்கு மாதம்

ஒரு நாயின் உடம்பில் ரேபிஸ் வைரஸ் புகுந்திருக்கிறதா என்பதை, அது வாலாட்டிக்கொண்டு நலமாக இருக்கும்போதே உறுதியாகச் சொல்லிவிடும் பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது. ரத்தத்தில் தேடினாலும் வைரஸ் அகப்படாது. வைரஸ் மூளையை எட்டிப் பெருகும்வரை எச்சிலிலும் அகப்படாது. நம்பத்தக்க விடை நாய் இறந்த பிறகுதான் கிடைக்கிறது. மூளைத் திசுவை எடுத்து, ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நாயையோ பூனையையோ நாடு விட்டு நாடு கொண்டுபோக இன்று நடப்பில் இருக்கும் விதிகளில் பெரும்பகுதி, மருத்துவத்தின் இந்த ஓர் இயலாமையிலிருந்து பிறந்தது.

ஆனால் அந்த விதிகளை நாம் சந்திப்பது வேறு விதமாக. வீட்டில் ஒருவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைக்கிறது. விசா வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது, இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். நாயைப் பற்றிக் கடைசியாகத்தான் விசாரிக்கிறார்கள். குறைந்தது நான்கு மாதம் ஆகும் என்று பதில் வருகிறது. அதன்பிறகு நடப்பவை மனதை அறுப்பவை. சில நாய்கள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகின்றன, சில காப்பகத்துக்கு. பத்து வயது நாயைக்கூடத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இதில் பாதித் துயரம், ஏன் நான்கு மாதம் என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் தெரிந்திருந்தால் நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன். காரணம் புரியாதவருக்கு அது ஏதோ அலுவலகத் தாமதம். யாரையாவது பிடித்தால் சுருக்கிவிடலாம் என்று தோன்றும். காரணம் புரிந்தவர் வேலைக்கு விண்ணப்பித்த நாளிலேயே நாயைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போவார்.

காரணம் வைரஸின் நடைவேகத்தில் இருக்கிறது. வெறிநாய் கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும் வைரஸ், முதலில் தசையில் தங்குகிறது. அங்கேயே பல நாட்கள், சமயத்தில் பல வாரங்கள், அடங்கிக் கிடக்கும். பிறகு தசையைத் தொடும் நரம்பு நுனிக்குள் நுழைந்து, அந்த நரம்பின் உட்புறப் போக்குவரத்து அமைப்பையே பிடித்துக்கொண்டு தண்டுவடத்தை நோக்கி மேலே ஏறுகிறது. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் தொலைவுதான். அதனால்தான் முகத்தில் கடிபட்ட நாய்க்கு நோய் சீக்கிரம் வரும், பின்னங்காலில் கடிபட்டதற்குத் தாமதமாக வரும். நரம்புக்குள் பயணம் செய்வதால் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அது அநேகமாகப் படுவதே இல்லை; எதிர்ப்பொருள் உருவாவதும் இல்லை. மூளையை எட்டிப் பெருகியபின் திரும்பவும் நரம்புகள் வழியே வெளியே வந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளில் சேர்கிறது. அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கிவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

கடிக்கும் அறிகுறிக்கும் இடைப்பட்ட காலம் நாய்களில் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதம்வரை. அரிதாக அதற்கும் மேலே போகும். உலக விலங்கு நல அமைப்பு தன் விதிக்கோவையில் ஆறு மாதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரு நாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்ச் மாதம் தெருவில் நடந்த சண்டையில் ஒரு வெறிநாய் அதன் காலைக் கவ்விவிட்டது; வீட்டாருக்குத் தெரியாது. ஏப்ரலில் தடுப்பூசி போடுகிறார்கள். மே மாதம் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது, சான்றிதழும் கிடைக்கிறது. ஆனாலும் ஜூலையில் அந்த நாய்க்கு ரேபிஸ் வரக்கூடும். ஊசி வேலை செய்துவிட்டது என்பதும் உண்மை. ஊசிக்கு முன்பே வைரஸ் நரம்புக்குள் ஏறிவிட்டது என்பதும் உண்மை. முதல் உண்மையை ரத்தம் சொல்லும். இரண்டாவதைக் காலம் மட்டுமே சொல்லும். ரத்தப் பரிசோதனையில் தேறிய நாயை, அப்புறம் எதற்குக் காக்க வைக்கிறார்கள் என்று பலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ரத்தம் எடுத்தபின் ஐரோப்பா காக்க வைக்கும் மூன்று மாதம், ஒளிந்திருக்கும் நோய் ஒன்று இருந்தால் அது சொந்த ஊரிலேயே வெளிப்படட்டும் என்று தரப்படும் அவகாசம்.

இந்த அறிவை மனிதர்கள் பெரும் விலை கொடுத்தே பெற்றார்கள். பிரிட்டன் 1902-ல் ரேபிஸை ஒழித்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-ல், வெளியிலிருந்து வந்த நாய்களோடு நோய் மறுபடி உள்ளே வந்தது. 1922-ல்தான் மீண்டும் ஒழிந்தது. அதன்பின் அந்தத் தீவுக்குள் வரும் ஒவ்வொரு நாயும் பூனையும் ஆறு மாதம் தனிமைக் காப்பில் அடைபட்டுக் கிடந்தாக வேண்டும் என்பது பல பத்தாண்டுகளுக்கு மாறாத சட்டமாக இருந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. 1969-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய், ஆறு மாதத்தை முழுதாக முடித்து வெளியேறிய சில நாட்களிலேயே, கேம்பர்லி என்ற ஊரில் வெறி பிடித்துக் கடித்தது. அடைத்து வைப்பது மட்டும் போதாது, ஊசி போட்டு அது பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுத்தது. 2000 பிப்ரவரி 28-ல் பிரிட்டன் தன் புதிய திட்டத்தைத் தொடங்கியது. சிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு என்ற வரிசையை முடித்துவிட்டால் கூண்டில் அடைபட வேண்டியதில்லை. நாயைத் தன் வீட்டிலேயே காத்திருக்க விட்ட அந்த மாற்றத்தை, விலங்குகளின் பக்கம் நின்று பார்க்கும் எனக்குப் பெரிய மனிதநேயச் செயலாகவே தோன்றுகிறது.

சரி, சென்னை தாம்பரத்தில் வளர்ந்த ஒரு நாட்டு நாய் ஃப்ராங்க்ஃபர்ட் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரேபிஸ் பரவலாக உள்ள இந்தியா, ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைப் பட்டியலில் இல்லை. ஆகவே முழு வரிசையும் அதற்குப் பொருந்தும்.

முதல் வேலை மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படும் இந்தச் சில்லு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. உள்ளே மின்கலம் இல்லை. படிக்கும் கருவி 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆற்றலை அனுப்பும்போது மட்டும் விழித்து, தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்காது. பலர் அப்படி நம்புகிறார்கள். அதன் பணி ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தாளில் உள்ள நாய் இதுதான் என்று உறுதி செய்வது. அதனாலேயே சிப் முதலில், ஊசி பிறகு. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை என்பதால் அது கணக்கில் சேராது. வருடந்தவறாமல் ஊசி போட்டு வந்த நாய்க்கும், கிளம்பும் நேரத்தில் சிப் வைத்தால், கணக்கு அந்த நாளிலிருந்துதான் புதிதாகத் தொடங்கும். ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம். ஆனால் சிப்பை வைத்து, கருவியால் படித்துப் பார்த்து, எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிய பிறகே ஊசிச் சிரிஞ்சைத் தொடச் சொல்லுங்கள். தடுப்பூசிக் குப்பியின் லேபிளையும் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

குட்டிக்கு 12 வாரம் நிறையும் முன் போட்ட ரேபிஸ் ஊசியை ஐரோப்பா ஏற்பதில்லை. சீம்பாலோடு தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குட்டியின் ரத்தத்தில் அதுவரை மிச்சமிருந்து, ஊசியில் உள்ள வைரஸ் துகள்களைச் செயலிழக்கச் செய்துவிடும். குட்டியின் சொந்த எதிர்ப்பாற்றல் பாடம் கற்காமலே போய்விடும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்பொருளின் அளவு ஏறி உச்சத்தை நெருங்கும் காலம் அது. மிகவும் தள்ளிப்போட்டால், முதல்முறை ஊசி போட்ட நாய்களில் அளவு கீழே இறங்கத் தொடங்கும். உடல் நல்ல பாதுகாப்பில்தான் இருக்கும், ஆனால் தேர்வில் தோற்றுவிடும். ஒரே ஒரு ஊசி போட்ட நாய்களில் தோல்வி அதிகம் என்பதையும், பெரிய உடல்வாகு கொண்ட நாய்களில் அளவு சற்றுக் குறைவாக வரும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதன்முறையாக ஊசி போடும் நாய்க்குச் சில வாரம் விட்டு இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டு ரத்தம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. தோற்றால் ஊசி, காத்திருப்பு, ரத்தம் எல்லாம் முதலிலிருந்து வரும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது அழகான சோதனை. ஃப்ரான்ஸின் நான்சி நகரத்து ஆய்வாளர்கள் ஃப்ளாரன்ஸ் க்ளிக்கே, மிஷேல் ஓபேர் ஆகியோர் 1998-ல் முறைப்படுத்தி வெளியிட்டது. நாயின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்குவார்கள். வைரஸை அழிக்கக்கூடிய வேறு புரதங்கள் செயலிழந்து, எதிர்ப்பொருள் மட்டும் மிஞ்சும். அதைப் படிப்படியாக நீர்த்து, 96 குழிகள் கொண்ட தட்டில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் அளந்த அளவு உயிருள்ள ரேபிஸ் வைரஸைச் சேர்ப்பார்கள். இதற்குப் பயன்படும் ஆய்வக வைரஸ் வகையின் வம்சம், 1882-ல் பாஸ்டர் ஒரு வெறிபிடித்த மாட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ்வரை போகிறது. எதிர்ப்பொருளும் வைரஸும் சிறிது நேரம் மோதிக்கொள்ள விட்டபின், வெள்ளெலிக்குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்ட செல்களைக் குழிகளில் போட்டு 48 மணி நேரம் உடல் வெப்பத்தில் வைப்பார்கள். கடைசியாக, வைரஸோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயம். நுண்ணோக்கியில் ஆப்பிள் பச்சை நிறத்தில் மின்னும் குழியில் வைரஸ் பிழைத்திருக்கிறது. இருளாக இருக்கும் குழியில் நாயின் எதிர்ப்பொருள் வென்றிருக்கிறது. எவ்வளவு நீர்த்த பிறகும் வெல்கிறது என்பதை ஒரு நியமச் சீரத்தோடு ஒப்பிட்டு எண்ணாக்குகிறார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. உயிருள்ள ரேபிஸ் வைரஸைக் கையாளும் வேலை என்பதால் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்ய முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வுக்கூடங்களின் பட்டியலில் உள்ள இடத்துக்கே சீரத்தை அனுப்ப வேண்டும். குழாயிலும் படிவத்திலும் சிப் எண் ஓர் இலக்கம் மாறாமல் இருப்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தேறிய சீரம் எடுக்கப்பட்ட தேதியிலிருந்து மூன்று மாதம். ஜனவரி 5-ல் சிப்பும் ஊசியும், பிப்ரவரி 6-ல் ரத்தம் என்றால், மே 6-க்குப் பிறகு பறக்கலாம். இப்போதுதான் பிறந்த குட்டியாக இருந்தால் 12 வாரம், 30 நாள், மூன்று மாதம் என்று கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும்முன் இந்தியக் குட்டி ஐரோப்பாவில் சட்டப்படி கால் வைக்க முடியாது. இணையத்தில் எட்டு வாரக் குட்டியை ஐரோப்பாவுக்கே அனுப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அங்கே ஏதோ ஒரு தாள் பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் ஒரு விஷயத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். அடுத்த ஊசியின் தேதி ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது. தாண்டாமல் போட்டுக்கொண்டே வந்தால் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும். தாண்டிவிட்டால் மொத்தமும் செல்லாது.

கிளம்பும் வாரத்தில் அலுவலக வேலை. இந்திய அரசின் விலங்குத் தனிமைக் காப்பு மற்றும் சான்றளிப்பு நிலையம் சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயை அங்கே காட்டி ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழ் பெற வேண்டும். வழங்கிய நாளிலிருந்து நுழைவாயிலை அடைய அதற்கு 10 நாள்தான் ஆயுள். உரிமையாளர் நாயோடு அல்லது ஐந்து நாள் முன்பின்னாகப் பயணம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் வணிகச் சரக்காகக் கருதி வேறு விதிகள் வரும். பிட்புல், ஸ்டாஃபர்ட்ஷையர், புல் டெரியர் வகைகளை ஜெர்மனி உள்ளே விடுவதில்லை. அங்கிருந்து ஃபின்லாந்து, அயர்லாந்து, மால்ட்டா, நார்வே போகிற நாய் என்றால் நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். நரியிடமிருந்து நாய்க்கும் நாயிடமிருந்து மனிதர் ஈரலுக்கும் போகிற ஒரு புழு அந்த நாடுகளில் இல்லை. இல்லாமலே வைத்திருக்க விரும்புகிறார்கள்.

மற்ற நாடுகள் இதே வைரஸை வேறு அளவு அச்சத்தோடு பார்க்கின்றன. 1957-க்குப் பிறகு தன் மண்ணின் விலங்குகளில் ரேபிஸைக் காணாத ஜப்பான், இரண்டு ஊசியும் ரத்தப் பரிசோதனையும் கேட்டுவிட்டு 180 நாள் காத்திருக்கச் சொல்கிறது. வருவதற்கு 40 நாள் முன்பே அறிவிக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக நாயையோ பூனையையோ ஏற்பதே இல்லை. அங்கீகரித்த வேறொரு நாட்டின் வழியாகத்தான் போக வேண்டும், மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் தனிமைக் காப்பும் உண்டு. அங்கே கவலை ரேபிஸோடு நிற்பதில்லை. நம் ஊர் நாய்களின் காதோரம் சாதாரணமாகக் காணும் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா 2020-ல் அந்நாட்டின் மேற்கில் கண்டுபிடிக்கப்பட்டது. உண்ணி மருந்துக்கும் ரத்தச் சோதனைகளுக்கும் அவர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தை மிகை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அமெரிக்கா நீண்ட காலம் தளர்வாக இருந்தது. நாய்களிடையே பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக அந்நாடு 2007-ல் அறிவித்தது. அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து தத்தெடுத்துக் கொண்டுபோன ஒரு குட்டிக்கு ரேபிஸ் இருந்தது அலாஸ்காவில் தெரிய வந்தது. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து மீட்டு வரப்பட்ட நாய்க் கூட்டத்தில் ஒன்றுக்கு பென்சில்வேனியாவில் நோய் வெளிப்பட்டது. அடுத்த மாதமே அபாயம் மிகுந்த நாடுகளின் நாய்களுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதி: நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், இந்தியா போன்ற நாட்டில் ஊசி போட்டதென்றால் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கிப் பதிவு பெற்ற காப்பகத்தில் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லையென்றால் 28 நாள் அங்கேயே தங்கல். மேலே சொன்ன நாய்களைக் கொண்டுபோனவர்கள் எல்லோருமே அன்பினால் செய்தவர்கள் என்பதை நினைக்கும்போது, அன்புள்ளவர்களுக்குத்தான் இந்த உயிரியல் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது.

பயணத்துக்கு நாயைத் தயார் செய்வதில், தாள்களைப் போலவே நாள் பிடிக்கும் இன்னொன்று, க்ரேட் எனப்படும் பயணக் கூண்டுக்குப் பழக்குவது. நாய் நிமிர்ந்து நிற்கவும், முழுதாகத் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் அதில் இடம் வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் க்ரேட்டின் நீளம் கிடைக்கும். மூன்று மாதக் காத்திருப்பை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளே வைத்து, வீட்டாரின் பழைய துணி ஒன்றைப் போட்டு, நாய் தானாகவே அதில் தூங்கப் பழகும்வரை விடுங்கள். கடைசி வாரத்தில் வாங்கிய க்ரேட்டுக்குள் தள்ளி மூடப்பட்ட நாய் கம்பியைக் கடித்துப் பல்லையும் வாயையும் கிழித்துக்கொள்ளும்.

சரக்கு அறையில் காற்று இருக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இருக்கும். விலங்குகள் போகும் அறையிலும் பயணிகள் பகுதியின் அதே காற்றழுத்தம்தான். ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில் நிற்பது போன்ற நிலை. ஆரோக்கியமான நாய்க்கு அது பெரிதல்ல. ஆபத்து தரையில்தான் அதிகம்: வெயிலில் காயும் விமான நிறுத்துமிடத்தில், ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் காத்திருக்கும் நேரத்தில். நாய் நம்மைப் போல் உடல் முழுக்க வியர்ப்பதில்லை. மூச்சு வாங்கி, நாக்கிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே குளிர்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அந்தக் காற்றுவழியே குறுகிப்போயிருப்பதால், பதற்றமும் வெப்பமும் சேரும்போது மூச்சுத் திணறி இறக்க நேர்கிறது. பல விமான நிறுவனங்கள் இவற்றை ஏற்க மறுப்பது நியாயம் என்றே சொல்வேன். மயக்க மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்து அனுப்பலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சமன் செய்யும் திறனைக் கெடுக்கும், க்ரேட் சாயும்போது காலூன்ற முடியாமல் செய்யும். கவனிக்க அருகில் ஆளும் இருக்காது. கோடையில் இரவு விமானமே நல்லது. கிண்ணத்துத் தண்ணீரை உறைய வைத்துப் பொருத்தினால் ஏற்றும்போது சிந்தாது, வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக் குடிக்கக் கிடைக்கும்.

பூனைக்கு ஐரோப்பாவில் இதே சிப், ஊசி, ரத்தக் கணக்குதான். அமெரிக்க மத்திய அரசு பூனைக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பதில்லை, என்றாலும் போட்டுக்கொண்டு போவதே நல்லது. பூனையிடம் பயப்பட வேண்டியது பட்டினி. புது இடத்தில் மிரண்டு இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைகளுக்கு இன்னும் வேகமாக. பழகிய உணவிலேயே ஒரு வாரத்துக்குப் போதுமானதை எடுத்துப் போங்கள், முதல் சில நாள் ஒரே அறையில் வைத்திருங்கள்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி, விலங்குகளுக்கென்றே உள்ள பகுதியில் கால்நடை அலுவலர் சிப்பைப் படித்துத் தாள்களோடு ஒப்பிட்டு அனுப்பியபின் செய்ய வேண்டியவை இரண்டு. அந்த 15 இலக்க எண்ணை ஜெர்மனியின் டாஸோ பதிவேட்டில் புதிய முகவரியோடும் தொலைபேசி எண்ணோடும் பதிவு செய்வது முதலாவது. தெரியாத ஊரில் மிரண்டு ஓடும் நாய்கள் முதல் வாரங்களில்தான் அதிகம் தொலைகின்றன, பதிவில்லாத சிப் உரிமையாளர் யார் என்று சொல்லாது. அடுத்து, உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு வாங்கி, ரத்தப் பரிசோதனை முடிவையும் அதில் எழுதச் சொல்வது. விடுமுறைக்குத் தாம்பரம் வந்து திரும்பும்போது, ஒன்றியத்தை விட்டுப் புறப்படும் முன்பே அந்த முடிவு கடவுச்சீட்டில் பதிவாகி, ஊசியும் தவறாமல் இருந்தால், மூன்று மாதக் காத்திருப்பு அந்த நாய்க்கு மறுபடி இல்லை.